ஷத்ரஞ்சில் தேர்ச்சி: அப்பாஸியக் கால ஆசான்கள் வகுத்த வழி

அப்பாஸியக் கலீஃபா அல்-மஃமூன் (ஆட்சிக் காலம் ஹிஜ்ரி 198–218 / கி.பி. 813–833) அறிவுலகின் பெரும் புரவலர்களுள் ஒருவர். கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட அவர் தந்த ஊக்கமும், பூமியின் அளவைக் கணிக்க அறிஞர்களைப் பாலைவெளிக்கு அனுப்பி வைத்த செய்தியும் வரலாறு பயின்றோர் நன்கறிந்தவை. இத்தகைய பேரரசருக்கும் ஒரு மனக்குறை இருந்ததாக அரபு நூல்கள் குறிப்பிடுகின்றன. கிழக்கே சிந்து வரை பரந்து கிடக்கும் நிலத்தை ஆளும் தமக்கு, இரண்டு முழச் சதுரத்துக்குள் நிற்கும் 32 காய்களை ஆளத் தெரியவில்லையே என்று அவர் அடிக்கடி அங்கலாய்ப்பாராம். ஷத்ரஞ்ச் எனும் சதுரங்கத்தில் அவருக்கு அளவற்ற விருப்பம் இருந்தது. பல்லாண்டுகள் ஆடினார். காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் தம் அவையில் வைத்திருந்தார். ஆயினும் தேர்ச்சி மட்டும் கைகூடவில்லை.

இக்குறை கலீஃபாவுக்கு மட்டும் உரியதன்று. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது வணிகம் செய்து வருகிறார். அவர் ஒருமுறை என்னைக் காண வந்தபோது, "ஹஜ்ரத், இருபத்தைந்து வருடங்களாகச் சதுரங்கம் ஆடுகிறேன். தொடங்கிய இரண்டு மூன்று வருடங்களில் எந்த நிலையை அடைந்தேனோ, அதே நிலையில்தான் இன்றும் இருக்கிறேன். இதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டார். இரவுத் தொழுகைக்குப் பின் கடை ஊழியர்களுடன் நெடுநேரம் ஆடுவது அவர் வழக்கம். நான் சதுரங்க வல்லுநன் அல்லன். அரபு இலக்கிய வரலாறு கற்பிப்பவன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கான விடை அரபு இலக்கிய வரலாற்றிலேயே இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த ஆசான்கள் இதே கேள்வியைத் தங்களுக்குள் எழுப்பி, விடையை நூல்களாகவும் எழுதினார்கள். அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கால ஆட்டம்

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று; பாரசீகத்தை முஸ்லிம்கள் வென்ற பின் அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. மன்னர் 'ஷாஹ்'. அவரருகில் நிற்பவர் 'ஃபிர்ஸான்' என்னும் அமைச்சர். இன்று அவ்விடத்தில் நிற்கும் ராணிக்குள்ள ஆற்றல் அவருக்குக் கிடையாது. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். 'ஃபீல்' என்னும் யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். இது இன்று நம்மவர் மந்திரி என்றழைக்கும் காயின் இடத்தில் நின்றதாகும். 'ஃபரஸ்' என்னும் குதிரையும், ஓரத்தில் நிற்கும் 'ருக்' என்னும் காயும் இன்று நகர்வது போலவே அன்றும் நகர்ந்தன. 'பைதக்' என்னும் காலாள் ஒவ்வொரு கட்டமாகவே முன்னேறினான். எதிரியின் ஷாஹை மடக்கினால் வெற்றி. நகர வழியின்றி முடக்கினாலும் வெற்றி. அவரது படை முழுவதையும் அழித்துத் தனியராக்கினாலும் வெற்றியே.

ஆற்றல் குன்றிய காய்கள் மிகுந்த ஆட்டமாதலால் அது மெல்லவே நடந்தது. பன்னிரண்டு நகர்வுகள் கடந்த பின்னரும் இரு படைகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதுண்டு. இதனால் திடீர்த் தாக்குதலைவிட, நெடுநோக்கும் நுண்ணிய கணக்கும் உடையவரே வென்றனர். காய்களின் மதிப்பைக்கூட ஆசான்கள் நாணயக் கணக்கில் வரையறுத்தார்கள். ருக் ஒரு திர்ஹம், ஃபரஸ் அதில் மூன்றில் இரு பங்கு, ஃபிர்ஸான் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஃபீல் கால் திர்ஹம். பைதக்குகளிலும் நடுவில் நிற்பவனுக்கு மதிப்பு அதிகம், ஓரத்தில் நிற்பவனுக்குக் குறைவு. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று அறியாமல் ஆடுபவர், விலை அறியாமல் சந்தைக்குச் செல்பவரைப் போன்றவரே.

முதற்படி: தன் தரத்தைத் தானறிதல்

அக்கால ஆசான்கள் ஆட்டக்காரர்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். மிக உயர்ந்த படியினர் 'ஆலியா' எனப்பட்டனர். ஒரு காலத்தில் மூவருக்கு மேல் இப்படியில் இருந்ததில்லை. அல்-மஃமூன் காலத்தில் ஜாபிர் அல்-கூஃபீ, ரப்ரப், அபுந்நஆம் ஆகிய மூவரும் இப்படியில் இருந்தனர். அடுத்து அல்-அத்லீ தனியொருவராய் அவ்விடத்தை வகித்தார். இரண்டாம் படியினர் 'முதகாரிபா', அதாவது நெருங்கியவர்கள். ஆலியாவுடன் பத்து ஆட்டங்கள் ஆடினால் இவர்கள் இரண்டு முதல் நான்கு ஆட்டங்கள் வரை வெல்லக்கூடியவர்கள். மூன்றாம் படியினருடன் ஆடுகையில் ஆலியா தம் ஃபிர்ஸானை முதலிலேயே பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஆடுவார். நான்காம் படியினருக்கு ஃபரஸையும், ஐந்தாம் படியினருக்கு ருக்கையும் விட்டுக்கொடுப்பார். ருக்கைவிடப் பெரிய சலுகை கேட்பவர் ஆட்டக்காரர் என்ற பெயருக்கே உரியவர் அல்லர் என்பது அவர்களின் தீர்ப்பு.

இவ்வேற்பாட்டில் நுட்பமான பயிற்சி முறை ஒன்று பொதிந்துள்ளது. தம் ஊரில் தம்மை வெல்வார் இல்லை என்பதால் ஒருவர் தம்மை மேதை என்று எண்ணிக்கொள்ளலாம். பத்து ஆட்டங்கள் என்ற அளவுகோல் அந்த மயக்கத்தைப் போக்கிவிடும். ஓர் ஆட்டத்தில் வெல்வது எதிரியின் கவனக்குறைவாலும் நேரலாம். பத்தில் ஏழு வெல்வது அவ்வாறு நேராது. மேலும், சலுகை பெற்று ஆடுவதால் வலியவரும் மெலியவரும் சமநிலையில் மோத முடிகிறது. மெலியவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் எல்லை வரை முயல வேண்டியிருக்கிறது. வலியவரும் சோம்பியிருக்க இயலாது.

அல்-மஃமூனின் குறைக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அவருடன் ஆடிய வல்லுநர்கள் அவர் முன் அடக்கமாகவும் தயக்கத்துடனும் அமர்ந்திருப்பார்களாம். இதைக் கண்ட கலீஃபா, சதுரங்கமும் மரியாதையும் ஒன்றாக இணையமாட்டா. உங்களுக்குள் ஆடும்போது எப்படிப் பேசுவீர்களோ அப்படியே என்னிடமும் பேசுங்கள் என்ற கருத்தில் அவர்களைக் கடிந்துகொண்டதாக அறிவிக்கப்படுகிறது. அவர் நோயைச் சரியாகவே கண்டறிந்திருந்தார். ஆனால் அரியணையில் இருப்பவருக்கு அதற்கான மருந்து எளிதில் கிடைப்பதில்லை. என் மாணவர் தம் கடை ஊழியர்களோடு ஆடி வந்தார் என்பதை இங்கு நினைவூட்டுகிறேன். மாதச் சம்பளம் வாங்குபவர் முதலாளியின் ஷாஹை மடக்கத் துணிவது அரிது.

இரண்டாம் படி: முடிவிலிருந்து கற்றல்

ஆசான்கள் வகுத்த இரண்டாவது வழி 'மன்ஸூபா' ஆகும். பலகையில் சில காய்களை மட்டும் குறிப்பிட்ட நிலையில் நிறுத்தி, 'வெள்ளை நகர்ந்து வெல்க' என்றோ, 'இது வெற்றியா, சமனா?' என்றோ வினா எழுப்பும் புதிர்நிலையே மன்ஸூபா. அல்-அத்லீ, அர்-ராஸீ, அஸ்-ஸூலீ ஆகியோரின் ஷத்ரஞ்ச் நூல்களை இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த தம் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' நூற்பட்டியலில் குறிப்பிடுகிறார். மருத்துவ மேதை அர்-ராஸீயும் சதுரங்க வல்லுநர் அர்-ராஸீயும் வேறு வேறானவர்கள் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அந்நூல்கள் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவற்றிலிருந்து எடுத்தாளப்பட்ட மன்ஸூபாக்கள் பிற்காலத் தொகுப்புகளில் இடம்பெற்று, இஸ்தான்பூல் நூலகங்கள் முதலிய இடங்களில் கையெழுத்துப் படிகளாக எஞ்சியுள்ளன.

அத்தொகுப்புகள் புதிர்களோடு நின்றுவிடவில்லை. எந்தக் காய்கள் எஞ்சினால் வெற்றி, எந்தக் காய்கள் எஞ்சினால் சமன் என்ற தீர்ப்புகளும் அவற்றில் உள்ளன. சான்றாக, ஒருபுறம் ருக்கும் மறுபுறம் ஃபரஸும் எஞ்சி நிற்கும் நிலையை அவர்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். அவ்விரு காய்களும் ஷாஹும் நகரும் முறை இன்றுவரை மாறாததால், அவை மட்டும் இடம்பெறும் மன்ஸூபாக்கள் இன்றைய ஆட்டக்காரருக்கும் அப்படியே பயன்படும்.

நெடுநாள் ஆடிய ஒருவருக்கு இது ஏன் இன்றியமையாதது? வழக்கமாக நாம் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே கற்கிறோம். ஆயிரம் முறை தொடங்கியவருக்குத் தொடக்கம் பழகிப்போகிறது. ஆனால் ஆட்டங்களில் பல பாதியிலேயே ஒருவரின் தவறால் முடிந்துவிடுவதால், இறுதிக் கட்டம் அவருக்கு என்றும் அந்நியமாகவே இருக்கிறது. எந்த முடிவு வெற்றி தரும் என்றறியாதவர், நடு ஆட்டத்தில் எதை நோக்கிச் செல்வது என்றும் அறியமாட்டார். இலக்கு தெரியாத பயணிக்கு எல்லாப் பாதைகளும் ஒன்றுபோலவே தோன்றும். மன்ஸூபா கற்றவரோ இலக்கை முதலில் கண்டு, அதிலிருந்து பின்னோக்கி வழி அமைக்கிறார். காய் ஒன்றின் முழு ஆற்றலையும் தனியே அறியும் பயிற்சியும் அவர்களிடம் இருந்தது. ஃபரஸை எல்லா 64 கட்டங்களுக்கும், ஒரு கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் கொண்டுசெல்லும் புதிருக்கான விடையொன்று அல்-அத்லீயின் பெயரால் அறிவிக்கப்படுகிறது.

மூன்றாம் படி: அணிவகுப்பில் உறுதி

தொடக்கத்தையும் அவர்கள் புறக்கணிக்கவில்லை. படைகள் மோதுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் காய்களை நிறுத்திக்கொள்ளும் அணிவகுப்புக்குத் 'தஃபியா' என்று பெயர். போர்க்களத்தில் படையை அணிவகுப்பதைக் குறிக்கும் சொல் இது. முஜன்னஹ், மஷாயிகீ, சய்யால் என்று ஒவ்வொரு தஃபியாவுக்கும் பெயரிருந்தது. முஜன்னஹ் என்றால் சிறகுடையது; சய்யால் என்றால் பெருக்கெடுத்து ஓடுவது.

இத்துறையில் அபுல் ஃபரஜ் அல்-முளஃப்ஃபர் இப்னு ஸஈத் என்பவரின் பணி குறிப்பிடத்தக்கது. திக்கிப் பேசுபவர் என்ற பொருளில் 'அல்-லஜ்லாஜ்' என்று அவர் அழைக்கப்பட்டார். அஸ்-ஸூலீயின் மாணவரான இவரைத் தாம் நேரில் கண்டதாக இப்னுந் நதீம் எழுதுகிறார். பிற்காலத்தில் ஷீராஸ் சென்று, புவைஹிய மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார். தஃபியாவின் வடிவத்தை மட்டும் கூறி இவர் நிறுத்திக்கொள்ளவில்லை. எதிரி இவ்வாறு நகர்ந்தால் விளைவு என்ன, வேறாக நகர்ந்தால் என்ன, இறுதியில் யார் கை ஓங்கும் என்று கிளை கிளையாக ஆராய்ந்தார்.

இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. பத்துத் தஃபியாக்களின் பெயரை அறிவதால் தேர்ச்சி வருவதில்லை. ஒன்றிரண்டைத் தேர்ந்து, ஒவ்வொரு நகர்வும் எதற்காக என்று அறிவதால்தான் வருகிறது. நஹ்வு இலக்கணத்தில் விதியை மனனம் செய்த மாணவருக்கும், விதியின் காரணத்தை விளங்கிய மாணவருக்கும் உள்ள வேறுபாட்டை நம் வகுப்பறைகளில் நாள்தோறும் காண்கிறோம். முன்னவர் தெரிந்த வாக்கியத்தை மட்டுமே பிழையின்றி வாசிப்பார். பின்னவர் அறியாத வாக்கியத்தையும் வாசிப்பார்.

நான்காம் படி: முன்னோர் தீர்ப்பை உரசிப் பார்த்தல்

இம்மூன்று வழிகளும் ஒருவரிடம் ஒருங்கே அமைந்ததற்குச் சான்று அபூபக்ர் முஹம்மது இப்னு யஹ்யா அஸ்-ஸூலீ (மறைவு ஹிஜ்ரி 335 / கி.பி. 946). ஜுர்ஜானை ஆண்ட துருக்கிய மரபில் வந்தவர். கலீஃபா அல்-முக்தஃபீயின் அவைத்தோழர். பின்னர் கலீஃபாவான அர்-ராளீக்கு இளமையில் ஆசிரியர். அப்பாஸியரின் வரலாறும் கவிதையும் கூறும் 'கிதாபுல் அவ்ராக்' அவருடையதே. அபூதம்மாம், அபூநுவாஸ் போன்ற பெருங்கவிஞர்களின் திவான்களைத் திரட்டி, அகர வரிசைப்படுத்திக் காத்தவரும் அவரே.

அல்-முக்தஃபீயின் அவையில் ஏற்கெனவே அல்-மாவர்தீ என்ற ஆட்டக்காரர் செல்வாக்குடன் இருந்தார். அவரோடு அஸ்-ஸூலீ மோதியதை வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதீ விவரிக்கிறார். பழகிய அன்பால் கலீஃபா அல்-மாவர்தீயை வெளிப்படையாகவே ஊக்கப்படுத்தினார். அது முதலில் அஸ்-ஸூலீயைச் சற்றுத் தடுமாறச் செய்தது. ஆனால் அவர் விரைவில் தம்மை நிலைப்படுத்திக்கொண்டு, ஐயத்துக்கு இடமின்றி வென்றார். அதன்பின் கலீஃபாவின் மனமும் மாறியது.

அவர் தேர்ச்சியின் வேர் எது? அல்-அத்லீயின் நூலைப் பெருமையோடு வைத்துப் போற்றுவதோடு அவர் நிற்கவில்லை. அதிலுள்ள தீர்ப்புகளை ஒவ்வொன்றாகப் பலகையில் சோதித்து, பிழை கண்ட இடத்தில் மறுத்தெழுதினார். கவிதைத் தொகுப்பில் எது அக்கவிஞருடையது, எது பிறருடையது என்று பிரித்தறிந்த அதே பழக்கத்தைச் சதுரங்கத்திலும் அவர் கையாண்டார் என்றே நான் கருதுகிறேன். இன்றைய ஆட்டக்காரர் தாம் தோற்ற ஆட்டத்தை மறுநாள் மீண்டும் பலகையில் நிறுத்தி, எந்த நகர்வில் வழி தவறினோம் என்று ஆராய்வதும் இவ்வகைப் பணியே. மற்றவர் பிழையைத் திருத்தும் முன் தம் பிழையை எழுதிவைக்கும் துணிவு வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

அவர் புகழ் எந்த அளவுக்குச் சென்றதென்றால், சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று பலர் நம்பியதாகவும், அது தவறென்றும் இப்னு கல்லிகான் (மறைவு ஹிஜ்ரி 681 / கி.பி. 1282) எழுதுகிறார்.

எழுதாமல் போன விடை

அஸ்-ஸூலீயின் வாழ்வில் வருத்தத்துக்குரிய பகுதியும் உண்டு. அவர் அமைத்த மன்ஸூபா ஒன்றில் இரு தரப்பிலும் ஷாஹும் ஃபிர்ஸானும் மட்டுமே இருக்கும். இது மிகப் பழமையான நிலை என்றும், அல்-அத்லீயால்கூட இதன் முடிவைக் கூற இயலவில்லை என்றும், தாம் கற்பித்தவரன்றி உலகில் எவரும் இதை அறியார் என்றும் அவர் பெருமிதத்தோடு குறித்திருந்தார். ஆனால் விடை நமக்கு வந்துசேரவில்லை. அர்-ராளீயின் மறைவுக்குப் பின் அவர் நிலை தாழ்ந்தது. அலீ (ரலி) அவர்கள் குறித்து அவர் அறிவித்த ஒரு செய்தி எதிர்ப்பைக் கிளப்ப, பஸராவில் தலைமறைவாக வாழ்ந்த நிலையிலேயே மறைந்தார். அவரோடு விடையும் மறைந்தது.

பின்னர் 1913இல் சதுரங்க வரலாற்றை விரிவாக எழுதிய ஆங்கிலேய அறிஞர் முர்ரே, அதற்காகவே அரபி கற்று இக்கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து உலகறியச் செய்தார். எனினும் அப்புதிர் 1980களில்தான் அவிழ்ந்தது. இறுதி ஆட்ட ஆய்வில் பெயர்பெற்ற சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் (1922–2022) வெள்ளைக்கு வெற்றி உண்டு என்று நிறுவினார். அஸ்-ஸூலீயின் கூற்று மெய்யே என்று மெய்ப்பிக்கப் பத்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கற்றவர் தமக்குள் வைத்துக்கொண்ட அறிவு, அவர் மூச்சோடு நின்றுவிடுகிறது. அவருடைய மாணவர் திக்குவாயராயினும் காரணங்களை எழுதிவைத்துச் சென்றார். அதனால் அவர் இன்றும் பேசுகிறார்.

வரம்பும் வழியும்

சதுரங்கம் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கு விரிவாக ஆராய இடமில்லை. ஆயினும் முற்றிலும் தவிர்ப்பது முறையன்று. தாபியீன்களில் ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்), அஷ்-ஷஃபீ (ரஹ்) ஆகியோர் ஆடியதாக அறிவிப்புகள் உள்ளன. ஸஈத் இப்னு ஜுபைர் பலகைக்கு முதுகைக் காட்டியவாறே ஆடுவார் என்றும் கூறப்படுகிறது. மறுபுறம், ஸஹாபாக்கள் சிலரிடமிருந்து கண்டனமும் அறிவிக்கப்படுகிறது. ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மையோர் கடுமையாகத் தடுக்க, ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹராம் அன்று, மக்ரூஹ் என்ற கருத்து நிலைபெற்றது. பந்தயம் கூடாது, தொழுகை தவறக்கூடாது, நாவு கெடக்கூடாது என்பன அதற்குரிய நிபந்தனைகள். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபீ மத்ஹபும் பெரிதும் பின்பற்றப்படுவதால், ஒரே கேள்விக்கு இருவேறு விடைகள் நம்மிடையே வழங்குவது வியப்பன்று. அவரவர் தத்தம் மத்ஹபின் ஆலிம்களைக் கேட்டறிவதே முறை.

ஆனால் எச்சரித்தவர்கள், அனுமதித்தவர்கள் ஆகிய இரு சாராரும் அஞ்சிய பொதுவான ஒன்றுண்டு: வீணாகும் காலம். ஆசான்களின் பயிற்சி முறையை ஆராய்ந்தபோது எனக்குப் புலப்பட்ட உண்மை இதுதான்: அவ்வச்சமும் அவர்களின் முறையும் ஒரே திசையையே காட்டுகின்றன. தேர்ச்சியைத் தடுப்பது ஆட்டக் குறைவன்று. ஆராயாமல் ஆட்டத்தைப் பெருக்குவதே. இரவெல்லாம் ஆடும் இருபது ஆட்டங்கள் பழைய பிழைகளையே மேலும் பழக்கமாக்குகின்றன. நன்கு ஆராய்ந்த ஒரு மன்ஸூபாவும், திருத்திப் பார்த்த ஒரு தோல்வியும் குறைந்த நேரத்தில் அதிகம் தருகின்றன.

இதனையே என் மாணவரிடம் கூறினேன். ஊழியரோடு ஆடுவதை விடுங்கள்; உங்களைத் தயங்காமல் தோற்கடிக்கும் ஒருவரைத் தேடுங்கள்; வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் ஆடி, மற்ற நாட்களில் சிறிது நேரம் இறுதிநிலைகளை ஆராயுங்கள்; தோல்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள் என்றேன். ஓராண்டு கழித்து வந்தார். பள்ளியில் படிக்கும் தம் தங்கை மகனிடம் தொடர்ந்து தோற்று வருவதாகவும், அண்மையில் பத்து ஆட்டங்களில் மூன்றை வென்றதாகவும் மகிழ்ச்சியோடு கூறினார். அப்பாஸியர் கணக்கில் அவர் இப்போது அச்சிறுவனுக்கு 'நெருங்கியவர்'. ஆனால் என்னை அதிகம் மகிழ்வித்தது அவர் அடுத்துக் கூறிய செய்தி. இரவில் விரைவில் உறங்குவதால், ஃபஜ்ரு ஜமாஅத் இப்போது தவறுவதில்லையாம்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.